ஒரே ஒரு ரீல்

அன்புள்ள இருங்காட்டுக்கோட்டை வாசகருக்கு,

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் பூந்தமல்லி வந்து சேர்வதற்குள் ‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தை இரண்டு முறை போனில் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. “கதை இல்லை, பேச்சு இல்லை, பாட்டு இல்லை. தலைவலி வந்ததுதான் மிச்சம். இதைப் போய் ஒரு மனுஷன் தேடித் தேடிச் சேர்த்து வைப்பானா? அப்படி என்ன ருசி சார் இதில்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய குறும்பட ரீல் சேகரிப்பவர்களைப் பற்றி நான் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு படத்தையே தேடிப் பார்த்த வாசகர் நீங்கள் ஒருவர்தான். அதனால் சுருக்கமாக எழுதித் தப்பிக்க மனம் வரவில்லை.

உங்கள் தலைவலியில் தப்பில்லை. 1968இல் பிரமோத் பதி அந்தப் படத்தை அப்படித்தான் கட்டினார். ஆடுகிற இளைஞர்கள், சாமி படங்கள், ஆய்வுக்கூடக் கருவிகள் என்று ஒன்று கண்ணில் நிற்பதற்குள் அடுத்தது வந்து மோதும். காதில் விழுகிற அந்தக் குடைச்சல் ஒலியைப் போட்டவர் விஜய ராகவ ராவ். மெட்ராஸில் பிறந்தவர், ரவிசங்கரிடம் பயின்றவர், வாத்தியமோ புல்லாங்குழல். வேணுகானம் வாசித்த கைதான் இதையும் செய்தது என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை.

இந்தப் படத்துக்குப் பணம் போட்டது யார் தெரியுமா? பாரிஸ் மாடியறையில் பட்டினி கிடந்த கலைஞன் எவனுமில்லை. இந்திய அரசாங்கம். 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன், அணைக்கட்டு, உரம், அம்மைத் தடுப்பு, குடும்பக் கட்டுப்பாடு என்று படம் எடுத்துக்கொண்டிருந்த அலுவலகம். அறுபதுகளின் நடுவில் இந்திரா காந்தி தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, பாரிஸில் யுனெஸ்கோவில் இருந்த ழான் பாவ்னகரியை மறுபடி பம்பாய்க்கு அழைத்துவந்தார்கள். அவர் செய்த பெரிய காரியம், அங்கே ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தவர்களிடமும் வெளியே இருந்த கலைஞர்களிடமும் “உங்களுக்குத் தோன்றியபடி எடுங்கள்” என்று விட்டதுதான். விட்டதும் என்ன நடந்தது பாருங்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் ‘ஐ ஆம் 20’ எடுத்தார். 1947இல் பிறந்த இளைஞர்களிடம் நாட்டைப் பற்றிக் கேட்டு, அவர்கள் பேசப் பேச அதற்கு எதிராகவும் ஏளனமாகவும் காட்சிகளை வெட்டி ஒட்டினார். அடுத்த வருடமே ‘அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்’ என்று தன் தொழிலையே கிண்டல் செய்து ஒரு படம். சுக்தேவ் ‘இந்தியா 67’ எடுத்தார். ஓவியர் எம்.எஃப். ஹுசேன் ராஜஸ்தானுக்குப் போய்க் குடையையும் விளக்கையும் செருப்பையும் வைத்து எடுத்த குறும்படம் 1967இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. பிரமோத் பதியோ, செக்கோஸ்லோவாக்கியாவில் பொம்மைப் படங்களின் பெரிய கை யிர்ஷி திரன்காவிடம் பயின்றுவிட்டு வந்தவர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்குப் படம் எடு என்றால்கூட அவர் கையில் அது வெறும் தாளமும் கோடுமாக மாறிவிடும். பதி, சாஸ்திரி, சுக்தேவ் மூவரும் 1975க்கும் 1979க்கும் இடையில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஒருவருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை.

இனி விசித்திரத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பிலிம்ஸ் டிவிஷன் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் போட்டாக வேண்டியிருந்தது. போடாவிட்டால் உரிமம் போய்விடும். போடுவதற்கு வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கு வாடகையும் கட்ட வேண்டும். தமிழ் உட்படப் பல மொழிகளில் வர்ணனை சேர்த்துப் பிரதிகள் போகும். உங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டென்ட் கொட்டகையில் எம்ஜிஆர் படத்துக்கு மணல் குவித்து உட்கார்ந்தவர்களும் அதற்கு முன்னால் இந்த அலுவலகத்தின் ஏதோ ஒரு ரீலைப் பார்த்தே தீர வேண்டும். பார்த்தார்களா என்பது வேறு விஷயம். “நியூஸ் போட்டாச்சா?” என்று வாசலில் கேட்டுவிட்டு, இன்னும் இல்லை என்றால் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே நிற்பதுதான் வழக்கம். வீட்டில் அப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். மெயின் பிக்சரின் பெயரைத் தேதியோடு சொல்வார்கள். அதற்கு முன் ஓடியது என்ன என்றால் முழிப்பார்கள்.

ஆக, அபூர்வம் என்று நாம் இன்று சொல்லும் இந்தப் படங்களில் பலவும் அன்றைக்கு அபூர்வமே இல்லை. நாடு முழுக்க ஓடின. விமர்சனம் யாரும் எழுதவில்லை, சுவரொட்டியில் பெயர் வரவில்லை, பாட்டுப் புத்தகம் அச்சாகவில்லை. பிரதி ஊர் ஊராகச் சுற்றிக் கீறல் விழுந்து நைந்து கழிவாகிப் போனது. கோடிப் பேர் கண்முன் ஓடியும் ஒருவர் கண்ணிலும் படாத படம். சேகரிப்பவனுக்கு முதல் போதை இங்கேதான் ஏறுகிறது என்பது என் எண்ணம். புதையல் கிடைத்த சந்தோஷம்கூட இல்லை. ஊரே தாண்டிப் போன வாசலில் தான் மட்டும் நின்றுவிட்டோம் என்கிற கர்வம்.

தமிழ் வாசகருக்கு இதைச் சிற்றிதழ் வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, 1970இல் வந்த ‘கசடதபற’ இதழ்களின் முழுத் தொகுப்பை வைத்திருப்பவர் அதை விற்கவும் மாட்டார், இரவல் தரவும் மாட்டார். வீட்டுக்கு வரச் சொல்லி, கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து புரட்ட விடுவார். சந்தா கட்டியவர்கள் சில நூறு பேர். எழுதியவர்களே ஒருவரையொருவர் படித்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குக் கேலி பேசினார்கள். குறும்பட ரீல்காரனின் ரத்தத்தில் ஓடுவதும் அதே வியாதிதான்.

ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அதை யாரும் கௌரவமாக ஒப்புக்கொள்வதில்லை. இடம். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 16,000 அடிக்குமேல். ஆயிரம் அடி டப்பாவாகப் பதினாறு, பதினேழு. ‘படப்பெட்டி வந்தாச்சா’ என்று கொட்டகைக்காரர் ரயிலடியில் காத்து நின்ற அந்தப் பெட்டிகளை எந்த வீட்டுக்காரி உள்ளே விடுவாள்? ஏழு நிமிடப் படம் 630 அடி. ஒரே டப்பா. 16 மில்லிமீட்டராக இருந்தால் 250 அடிதான். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. பீரோவில் புடவைக்குக் கீழே வைத்துவிடலாம். முழு நீளப் படங்களைக் காப்பாற்ற ஸ்டுடியோவோ அரசாங்கமோ வேண்டும். குறும்படத்தைக் காப்பாற்ற ஒரு பிடிவாதக்காரன் போதும்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு, அதாவது ருசிக்கு, வருகிறேன். போனில் பார்க்கும்போது கிடைக்காத ஒன்று கையில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கிறது. சாதாரணப் படத்தின் ஃபிலிம் துண்டு ஒன்றை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் அடுத்தடுத்த கட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கும். கதாநாயகன் கை ஒரு மயிரிழை உயர்ந்திருக்கும், அவ்வளவே. சின்ன வயசில் குண்டு பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, வேட்டியில் சிவாஜியை விழவைத்தவர்களுக்கு இது தெரியும். எந்தக் கட்டத்தைப் போட்டாலும் அதே சிவாஜிதான். பதியின் படங்களில் அப்படி இல்லை. 1972இல் அவர் எடுத்த ‘ஆபித்’தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் ஆபித் சுர்தி ஓர் அறைக்குள் சுவரையும் தரையையும் தன்னையும் வண்ணமாக்கிக்கொண்டே இருப்பார். கேமரா தொடர்ந்து ஓடவில்லை. ஆள் ஒரு நிலையில் அசையாமல் நிற்க ஒரு கட்டம், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நிற்க இன்னொரு கட்டம் என்று உயிருள்ள மனிதனைப் பொம்மைபோல் வைத்து எடுத்தது. ஒரு விநாடிக்கு 24 கட்டம், ஒரு நிமிடத்துக்கு 1,440. ஆலையில் பிரஸ் இயந்திரத்தில் நிற்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்ட்ரோக். உங்கள் பிரஸ்ஸில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் வர வேண்டும், வித்தியாசம் வந்தால் ரிஜெக்ட். இங்கே ஒன்றுபோல் வந்தால்தான் ரிஜெக்ட். அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்க்கிறபோது, ஐந்து நிமிடம் ஓடும் படத்தை ஒரு ராத்திரி முழுக்கப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1963இல் வந்த ‘மாத்லைட்’ படத்துக்குக் கேமராவே கிடையாது. விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் சிறகு, பூவிதழ், புல் ஆகியவற்றை இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவே பொதித்து, அதை அப்படியே பிரதி எடுத்தார். நான்கு நிமிடம்கூட ஓடாது. திரையில் பார்த்தால் சிறகுகள் படபடக்கும். கையில் எடுத்தால் நீளமான ஒரு பூச்சி மாலை. இப்படிப்பட்ட படத்தின் போன் பிரதியை வைத்துக்கொண்டு ‘பார்த்துவிட்டேன்’ என்றால் சேகரிப்பவன் சிரிப்பான். அவன் சிரிப்பதில் நியாயம் உண்டு. கதைப் படத்தில் ரீல் என்பது கதையைச் சுமந்து வரும் வண்டி. இங்கே ரீலேதான் சரக்கு.

சேகரிப்பின் வெறி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜோசப் கார்னெல் ஒருவரைச் சொன்னால் போதும். நியூயார்க்கில் துணி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். பழைய ரீல்களை மொத்தமாக வாங்கி வீட்டில் குவித்தார். அதில் ஒன்று 1931இல் வந்த ‘ஈஸ்ட் ஆஃப் போர்னியோ’ என்ற மூன்றாந்தரக் காட்டுப் படம். அதை வெட்டினார். கதையைத் தூக்கி எறிந்தார். கதாநாயகி ரோஸ் ஹோபார்ட் வருகிற இடங்களை மட்டும் முன்பின்னாக ஒட்டி, பேச்சை எடுத்துவிட்டு பிரேசில் நடனத் தட்டு ஒன்றைச் சேர்த்து, நீலக் கண்ணாடி வழியாகத் திரையிட்டார். 1936. பார்க்க வந்த சால்வதோர் தாலி ‘என் மனசில் இருந்ததைத் திருடிவிட்டான்’ என்று கத்தி ரகளை செய்ததாகச் சொல்வார்கள். கார்னெல் கூச்ச சுபாவி. அதற்குப் பிறகு படத்தை வெளியே காட்டவே தயங்கினார். ஒரு நடிகையின் முகத்துக்காக ஒரு படத்தையே பிரித்துப்போட்டவர் ரசிகரா, திருடரா, கலைஞரா? மூன்றும்தான். நம் ஊரில் பாட்டுச் சீனை மட்டும் வெட்டி எடுத்துவைத்த ஆபரேட்டர்களை ஏன் ஒருவரும் இப்படி நினைவில் வைக்கவில்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இதில் பணம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொல்வதானால், இல்லை. உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஓவியர் தையப் மேத்தா தன் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் எடுத்தார். 1970இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக, பம்பாய் பாந்திரா கசாப்புக் கூடத்தில் காளை வெட்டப்படுவதை வைத்து எடுத்த 16 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். தலைப்பு என்ன தெரியுமா, ‘கூடல்’. நம் சொல்தான். அதே மேத்தா 1956இல் வரைந்த, கால் கட்டப்பட்ட காளை ஓவியம் 2025 ஏப்ரலில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஓவியத்தில் கிடக்கும் காளைக்கு 61.8 கோடி. படத்தில் துடிக்கும் காளையை எவரும் செலவில்லாமல் பார்க்கலாம். ஓவியம் ஒன்றுதான் உலகில் உண்டு. படத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டே போகலாம் என்பதால் சந்தை அப்படி. உங்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் 1998இல் முதன்முதலாக இறங்கிய சான்ட்ரோவைத் தேடிப் பிடித்து வைத்திருப்பவருக்காவது ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு போக முடியும். நம் ஆளுக்கு அதுவும் இல்லை.

ஆனால் பிரதி எடுக்கலாம் என்கிற வசதியை நம்பி எவரும் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஓவியர் அக்பர் பதம்ஸிக்கு 1969இல் ஜவஹர்லால் நேரு பெல்லோஷிப் கிடைத்தது. அந்தப் பணத்தில் பம்பாயில் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பட்டறையை நடத்தினார். ஓவியர்கள், ஒளிப்பதிவாளர்கள் என்று பலர் வந்து போனார்கள். அன்று மாணவி வயதில் இருந்த நளினி மாலனி தன் முதல் படங்களை எடுத்தது அங்கேதான். பதம்ஸி இரண்டு படம் செய்தார். ஒன்று ‘சிஸிஜி’. கோடுகள் மட்டும் கூடிப் பிரியும் ஊமைப் படம். அசைவுப் பட முன்னோடி ராம் மோகன் அதற்கு உயிர் கொடுத்தார். அது இருக்கிறது. இன்னொன்று ‘ஈவென்ட்ஸ் இன் எ க்ளவுட் சேம்பர்’, தன் ஓவியம் ஒன்றை வெளிச்சத்தாலேயே திரும்ப வரைந்த வண்ணப் படம். அதற்கு இருந்தது ஒரே ஒரு பிரதி. டெல்லிக் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு இயக்குநர் ஆஷிம் அலுவாலியா, தொண்ணூறை நெருங்கிய பதம்ஸியை உட்காரவைத்து, நினைவில் இருப்பதை வைத்து அந்தப் படத்தை மறுபடி உருவாக்கப் பார்த்தார். 2016இல் அதே பெயரில் வந்தது. பதம்ஸி 2020 ஜனவரியில் காலமானார்.

டெல்லியில் அந்த டப்பாவை யாராவது ஒரு திருடன் ஆசைப்பட்டு எடுத்துப்போயிருக்கக் கூடாதா என்று நான் நினைப்பது உண்டு. திருடனிடம் இருந்தால் என்றைக்காவது வெளியே வரும். குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டவனிடம் போயிருந்தால் அவ்வளவுதான். தென்னிந்திய ஊமைப் படங்களின் கதையே இதுதானே. 1917–18இல் நடராஜ முதலியார் மெட்ராஸில் எடுத்த ‘கீசகவதம்’ முதல் வரிசையாக ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. நமக்கு முழுசாகக் கிடைத்த பெரிய படம் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். அது எப்படித் தப்பியது? படத்துக்கு அடிப்படையான நாவலின் உரிமை யாருக்கு என்று திருவனந்தபுரம் பதிப்பகம் ஒன்று வழக்குப் போட்டது. படம் ஓடாமல் முடங்கியது. ரீல்கள் அந்தப் பதிப்பகத்தில் கிடந்தன. 1974இல் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக அங்கிருந்து மீட்கப்பட்டன. வெற்றிகரமாக ஓடிய படங்கள் ஓடித் தேய்ந்தன. வழக்கில் சிக்கியது பிழைத்தது.

இந்த இடத்தில் சேகரிப்பவர்களை நான் கொஞ்சம் திட்டியாக வேண்டும். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதுகிற கலைஞர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விளம்பரத் துண்டு என்று மற்றவர்கள் கூட்டித் தள்ளியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர் யாரும் தரமணியில் உள்ள அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. திறந்த கதவு என்பதால்தான் அந்தப் பெயர் நிற்கிறது. குறும்பட ரீல் வைத்திருப்பவர்களில் பலர் இதற்கு நேர் எதிர். யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குச் சுகம். திரையிடக் கேட்டால் ‘ப்ரொஜெக்டர் பழுது’ என்பார்கள். ஸ்கேன் செய்யக் கேட்டால் ‘பார்க்கலாம்’. பிறகு ஒரு நாள் ஃபிலிம் ஓரத்தில் புளித்த காடி வாடை அடிக்கும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அசிடேட் ஃபிலிமுக்கு வருகிற நோய் அது. ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும். ஃபிலிம் சுருங்கி அலை அலையாக நெளிந்துவிடும். அதன் பிறகு உலகத்தில் எந்த ப்ரொஜெக்டரிலும் ஏறாது. இவர்களைவிட, வேண்டாம் என்று எடைக்குப் போட்டவன் மேல். அவன் ஆசை காட்டி மோசம் செய்யவில்லை.

ஃபிலிம் போனால் என்ன, டிஜிட்டல் வந்துவிட்டதே என்பீர்கள். பி. லெனின் எடுத்த ‘நாக் அவுட்’ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேசிய விருது வாங்கியபோது குறும்படம் என்ற சொல்லே இங்கே பலருக்குப் புதிது. அதற்குப் பிறகு, 2000ஐ ஒட்டி மினி-டிவி (MiniDV) கேமரா மலிவாகக் கிடைத்ததும் சென்னையிலும் மதுரையிலும் திருப்பூரிலும் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். ‘நிழல்’ போன்ற இதழ்கள் அவற்றைப் பற்றி எழுதின. புத்தகக் கண்காட்சியில் கையெழுத்தில் பெயர் எழுதிய டிவிடிகளாக விற்றார்கள். அந்த டிவிடிகளில் பாதி இன்று ஓடாது. கேசட் இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் கிடையாது. ஐம்பது வருடத்து ரீல் ஒன்றை வெயிலில் பிடித்தாவது என்ன படம் என்று சொல்லிவிடலாம். இருபது வருடத்துக் கேசட்டைப் பிடித்துப் பார்த்தால் கறுப்பு நாடாதான் தெரியும். எனவே ‘பழசு மட்டும்தான் அபூர்வம்’ என்று நினைக்காதீர்கள். உங்கள் வயசுக்காரர்கள் கல்லூரியில் எடுத்த படங்கள் பதியின் படங்களைவிட வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன.

உங்களுக்கு ஏற்ற சேகரிப்பாளர் ஒருவரை இப்போது அறிமுகப்படுத்துகிறேன். ஹாருன் ஃபரோக்கி. ஜெர்மானியர்; அப்பா இந்திய மருத்துவர். சினிமாவின் முதல் படங்களில் ஒன்று எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1895இல் லூமியேர் சகோதரர்கள் லியோனில் தங்கள் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வருகிற ஆட்களை எடுத்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதையே மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒரு குதிரை வண்டி, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மூன்றாவதில் குதிரையே இல்லை. எந்தப் பிரதி எது என்பதைக் குதிரையை எண்ணித்தான் கண்டுபிடிப்பார்கள்; சேகரிப்பவர்களின் கிறுக்குக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஃபரோக்கி என்ன செய்தார் என்றால், நூறு வருடப் படங்களில் தொழிலாளிகள் ஆலை வாசலைக் கடக்கிற காட்சிகளை மட்டும் தேடிச் சேர்த்தார். கதைப் படம், செய்திப் படம், விளம்பரம், காவல் கேமரா எதையும் விடவில்லை. 1995இல் அதை 36 நிமிடப் படமாக்கினார். அவர் கண்டது இது: சினிமா ஆலைக்கு உள்ளே போகவே விரும்பவில்லை. வேலை முடிந்து மனிதன் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவனுக்குக் கதை கொடுக்கிறது. பின்னாளில் ஆன்ட்யே ஏமானுடன் சேர்ந்து ஊர் ஊராகப் பட்டறை நடத்தி, உழைப்பை ஒரே ஷாட்டில், இரண்டு நிமிடத்துக்குள் எடுக்கச் சொன்னார். வெட்டு கூடாது. நம் பக்கத்தில் பெங்களூரிலும் அது நடந்தது. 2014இல் இறந்துபோனார்.

இருங்காட்டுக்கோட்டையில் உள்ளே எடுக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். பல கம்பெனிகளில் கேட்டிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். வாசலுக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம், மூன்று ஷிஃப்ட்டும் மாறுகிறபோது வரிசையாக நிற்கிற பஸ்களும், கழுத்தில் அட்டையோடு ஓடுகிற ஒப்பந்தத் தொழிலாளர்களும், டீக்கடையில் ஒரிய மொழியும் இந்தியும் தமிழும் சேர்ந்து கேட்கிற கூச்சலும் யாருடைய ரீலிலும் இல்லை. விளம்பரப் படங்களில் உங்கள் ஊரில் ரோபோக்கள் மட்டும்தான் வேலை பார்க்கின்றன.

கடைசியாக, கையெழுத்துக்குக் கீழே நீங்கள் குறுக்கி எழுதியிருந்த விஷயம். பழைய இரும்புக் கடையில் வட்டமான தகர டப்பாக்கள் சில கிடக்கின்றன, உள்ளே ஃபிலிம் இருக்கிறது, கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். கம்பெனி பயிற்சிப் படமாக இருக்கலாம், எவர் வீட்டுக் கல்யாணமாகவும் இருக்கலாம், அது பிறகு. வாங்கியதும் ஆசையில் ப்ரொஜெக்டர் தேடி ஓட்டிவிடாதீர்கள். சுருங்கிய ஃபிலிம் பல்சக்கரத்தில் ஏறினால் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடவும் வேண்டாம். வாயு வெளியேற வழி வேண்டும். படுக்கை வசத்தில், வீட்டிலேயே குளிர்ச்சியான காய்ந்த இடத்தில் வையுங்கள். மாடி அறையும் சமையலறையும் ஆகாது. காடி வாடை வருகிற டப்பாவைத் தனியே பிரித்துவிடுங்கள். 35 மில்லிமீட்டராக இருந்து, ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இல்லாவிட்டால் விளக்கோ நெருப்போ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 1951க்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிமாக இருந்தால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ரீல் உங்களுடையது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையது ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளிச் சுற்றில் ஓர் அடி மட்டும் பிரித்து, ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளையும் சின்னச் சின்னக் குறிகளையும் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஃபிலிம் எந்த வருடம் தயாரானது என்பதை அந்தக் குறிகளை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பூனாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், பம்பாயில் உள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இப்படி வருகிற தகவல்களைக் கேட்டுக்கொள்கிற இடங்கள். அவர்களுக்கு எழுதும்போது எனக்கும் ஒரு நகல் போடுங்கள். இந்த வாரமே கடைக்குப் போங்கள். டப்பாவுக்கு மட்டும் விலை பேசி, ஃபிலிமைக் கொட்டிவிட்டுப் போகிற வியாபாரிகள் அந்த ரோட்டில் உண்டு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்